இட்லிக்குள் கொட்டை

நாம் என்ன வேலை பார்க்கிறோம் என்பதை வீட்டில் காட்டவே கூடாது. சம்பளத்தைக் காட்டினால் போதும். எனக்கு இது உறைப்பதற்குள் மானம் கப்பலேறிவிட்டது.

ஓ.எம்.ஆரில் இருந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, ஜப்பானிய சூப்பர்ஹீரோ தொடருக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதப் போனேன். கிழக்குத் தாம்பரம் வீட்டில் அப்பா என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு வாய் திறந்தார்.

"ஒரு எபிசோட் போட்டுக் காட்டு. எனக்கும் உங்கம்மாவுக்கும் புரிஞ்சா இதுலயே இரு. இல்லன்னா பழைய ஆபீஸுக்கு போன் போடு."

நானோ என்னைப் பெரிய புலி என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். வில்லன் வார்த்தையை வைத்து விளையாடினால், மண்டையை உடைத்துக்கொண்டு எதுகை மோனையோடு தமிழிலும் அதே விளையாட்டைக் காட்டுவேன். அதிலெல்லாம் தப்பித்தேன். மாட்டியது சாப்பாட்டில். நாயகன் எப்போதும் கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டை தின்பான். தாம்பரத்தில் யாருக்கு அது புரியும் என்று முதல் எபிசோடிலேயே 'இட்லி' என்று போட்டேன். அது ஒளிபரப்பாகியும் விட்டது. அப்புறம் மாற்ற முடியுமா? தொடர் முழுக்க இட்லிதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் டிவி முன் உட்கார்ந்தோம். அப்பா சப்டைட்டிலை வேதபாடம் வாசிக்கிற குரலில் சத்தமாகப் படித்தார். (அம்மா கண்ணாடியை வழக்கம்போல சர்ச்சிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.) பாதிவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

வேற்றுக்கிரக அரக்கி ஒருத்தி, நாயகனின் அம்மா உருவத்தில் வந்து அவனுக்குச் சோற்று உருண்டை கொடுக்கிறாள். கடிக்கிறான். பல்லில் 'கடக்'. உருண்டைக்குள் ஊறுகாய்ப் பழம் வைப்பது அங்கே வழக்கம். அவன் கண் கலங்குகிறது. அந்த இடத்தை எழுதும்போது நானே அழுதேன். (சத்தியமாக.)

அப்பா கணீரென்று வாசித்தார். "'என் அம்மா இட்லிக்குள் ஊறுகாய் வைக்கும்போது கொட்டையை எடுத்துவிடுவாள். நீ என் அம்மா இல்லை!'"

"இட்லிக்குள்ள ஊறுகாயா? எந்த ஊர்லடி?" என்றாள் அம்மா.

"ஜப்பான்லம்மா."

"அங்க ஏதுடி இட்லி?"

"அது… சோத்து உருண்டைம்மா."

"அப்ப சோத்து உருண்டைன்னே போட வேண்டியதுதானே! எங்களுக்கென்ன மூளை இல்லையா?"

சிரித்துச் சிரித்து அம்மாவுக்குப் புரையே ஏறிவிட்டது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ரிமோட்டை எடுத்தார். போச்சுடா, திங்கட்கிழமை ஓ.எம்.ஆர். பஸ்தான் என்று நினைத்தேன்.

"அந்தப் பையனோட நெஜ அம்மா எங்க? அடுத்ததப் போடு" என்றார்.

வேலை பிழைத்தது. இட்லிதான் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் அப்பா முதல் இட்லியைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "கொட்டை இல்ல. உங்கம்மாவேதான்" என்று சான்றிதழ் கொடுப்பார். கல்யாணமாகி நான் கூடுவாஞ்சேரிக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா பேச்சு சுவாரஸ்யத்தில் பிட்டுப் பார்க்காமலே இட்லியைக் கடித்தார். 'கடக்'. உள்ளே நெல்லிக்காய்க் கொட்டை.

அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்தது. "கண்டுபிடிச்சிட்டீங்களா? சட்னி வேணுமா, இல்ல சண்டை போடணுமா?"