நான் திருடிய நாலாம் பிறை

பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை அம்மாக்கள் செய்யக் கூடாது. செய்தே தீருவது என்றால் சுமாராகச் செய்ய வேண்டும். முதல் பாதியை எல்லாரும் சொல்வார்கள். இரண்டாவது பாதியை எனக்கு யாரும் சொல்லவில்லை.

என் மகள் இனியா அப்போது மூன்றாம் வகுப்பு. 'ஒரு வாரத்துக்குள் நிலாவைப் படம் எடுத்து வரவும். நெட்டிலிருந்து எடுக்கக் கூடாது' என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்பினார். மற்ற அம்மாக்கள் மொட்டை மாடியில் நின்று போனைத் தூக்கிக் காட்டினார்கள். நான் கணவரின் ஆபீஸ் நண்பரிடம் டெலஸ்கோப் இரவல் வாங்கினேன். (படித்தவள் அல்லவா?)

வாரத்தில் பாதி அமாவாசையில் போயிற்று. பிறகு இரண்டு நாள் பெங்களூரு மேகம். கடைசி நாள் சாயங்காலம்தான் காக்ஸ் டவுனுக்கு மேலே வானம் துடைத்து வைத்தது போல் இருந்தது. அன்று பிள்ளையார் சதுர்த்தி.

தங்கவயலிலிருந்து மாமியார் போன் செய்தார்.

"கொழுக்கட்டை ஆச்சா? இன்னிக்கு நிலாவப் பாத்துடாதீங்கம்மா. பாத்தா, எடுக்காதத எடுத்தேன்னு திருட்டுப் பழி வரும். கிருஷ்ணருக்கே வந்துச்சு."

"சரிங்க அத்தை."

பாடமும் கெடக் கூடாது, சாமியும் கோபிக்கக் கூடாது. அரைமணி நேரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்ணால்தானே பார்க்கக் கூடாது? போன் பார்க்கட்டும்.

மாடியில் இனியாவைத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து உட்கார வைத்தேன்.

"அம்மா, ஒரே ஒரு தடவ?"

"திரும்பின, கொழுக்கட்டை கிடையாது."

தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டால் போனை டெலஸ்கோப்போடு கட்டி, தலையைக் குனிந்துகொண்டே மேற்குப் பக்கம் துழாவினேன். திரையில் முதலில் எதிர்வீட்டு வேட்டி வந்தது. அப்புறம் நிலா வந்தது. வந்த வேகத்தில் நழுவிப் போனது. பூமி சுற்றுகிறது என்று பள்ளியில் படித்ததை அன்றுதான் நம்பினேன். தொட்டால் ஆடியது. தொடாவிட்டால் ஓடியது. எழுபது படம் எடுத்தேன், எழுபதும் அவித்த முட்டை. எழுபத்தொன்றாவதில் பிறையின் ஓரத்தில் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக, அவ்வளவு தெளிவு! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிள்ளையின் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று முட்டைகளை எல்லாம் அழித்தேன். (அழித்தவை போய்ச் சேரும் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது.)

மறுநாள் காலை படத்தைப் பிரிண்ட் போட்டு, சார்ட்டில் ஒட்டிக் கொடுத்தனுப்பினேன். மத்தியானமே பள்ளிக்குக் கூப்பிட்டார்கள்.

"மேடம், நெட்ல இருந்து வேணாம்னு எழுதிருந்தேனே."

"நான்தான் எடுத்தேன் மிஸ்."

"இவ்ளோ க்ளியராவா? சரி, கூட எடுத்த மத்த போட்டோஸ் காட்டுங்க."

போனைத் திறந்தேன். கொழுக்கட்டைப் படம் பதினாலு இருந்தது.

"எடுக்கும்போது பாப்பா பாத்தாளா?"

"இல்ல மிஸ்... பாக்கக் கூடாதுன்னு நான்தான் திருப்பி உக்கார வெச்சேன்."

சொல்லும்போதே எனக்கே நம்பிக்கை வரவில்லை. மிஸ் என்னை இரக்கத்தோடு பார்த்தார். இனியாவின் சார்ட்டில் சிவப்பு மையில் 'காப்பி' என்று எழுதியிருந்தது. பக்கத்துப் பையனின் சார்ட்டில் இருந்தது தெருவிளக்கு. அதற்கு ஸ்டார்.

ஆட்டோவில் இனியா கேட்டாள்: "அம்மா, நிஜமா நீதான எடுத்த?"

"ஆமாண்டி."

"சரி" என்றாள். பல் தேய்த்தாயிற்று என்று அவள் சொல்லும்போது நான் சொல்வேனே, அதே "சரி".

அவளுக்கு நிரூபிக்கவென்று அன்று சாயங்காலமே மறுபடி மாடிக்குப் போனேன். இந்த முறை அவளைப் பக்கத்திலேயே நிற்க வைத்தேன். அறுபது படம் எடுத்தேன். அறுபதும் முட்டை. அவள் கீழே இறங்கிப் போனாள்.

கணவர், "நீ ஏன் அவ்ளோ நல்லா எடுத்த?" என்றார். மாமியார், "நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். சொன்னார்தான்.

இப்போது இனியா ஆறாம் வகுப்பு. வீட்டில் ரிமோட் காணோம், சாக்ஸ் காணோம் என்றால் போதும். "நிலாவையே தூக்கிட்டு வந்தவ வீட்லயே இருக்கா, அவளக் கேளு" என்பார் கணவர். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது இனியாதான்.

நானும் சிரித்துக்கொண்டே சோபாவுக்கு அடியில் குனிந்து தேடி ரிமோட்டை எடுத்துக் கொடுப்பேன்.

"பாத்தீங்களாப்பா," என்பாள் அவள், "அம்மாகிட்டதான் இருந்துச்சு."