தம்பிக்குக் குடலிறக்கம், அண்ணனுக்கு ஸ்ட்ரெச்சர்

எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்துவிட்டால் தப்பே நடக்காது என்று நம்புகிற ஆள் நான். அந்த நம்பிக்கை ஒருமுறை என்னை மயக்க ஊசி வரைக்கும் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

இரண்டாயிரங்களின் நடுவில், விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தம்பி செல்வத்துக்குக் குடலிறக்க ஆபரேஷன். அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது, ஆட்டிசம் உண்டு. சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில், அச்சு விலகிய தாள்களைப் பொறுக்கி எடுத்துப்போடும் வேலை. புதுத் துணி உடம்பில் பட்டால் துடித்துப்போவான். ஆளாளுக்குக் கேள்வி கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவான். ஏற்கெனவே ஒருமுறை அப்படி ஓடி, ஆபரேஷன் நின்றுபோனது. வலி கூடிக்கொண்டே வந்தது. இனித் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால் நானே பொறுப்பெடுத்தேன். (சும்மா இருந்திருக்கலாம்.) ஊழியர்களைக் கூட்டிச் சொன்னேன்: "அவன்கிட்ட பேச்சே குடுக்காதீக. 'எனக்கில்ல, எனக்கில்ல'ன்னுதான் சொல்லுவான். காதுல வாங்காம மெதுவாத் தள்ளிட்டுப் போங்க."

ஆஸ்பத்திரியின் பச்சை அங்கியைச் செல்வம் தொடவே இல்லை. அவன் பயம் தெளியட்டும் என்று முதலில் நானே அதை மாட்டிக்கொண்டேன். எதையும் முறைப்படி செய்கிறவன் ஆதலால், என் சட்டை வேட்டியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத்தான் மாட்டிக்கொண்டேன். ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தும் காட்டினேன்.

"பாத்தியாலே, எம்புட்டு சுகமா இருக்கு!"

அந்நேரம் பார்த்து, டூட்டி மாறி வந்த ஊழியர் ஒருவர் நுழைந்து, பேசாமல் என்னைத் தள்ளத் தொடங்கினார்.

"ஏங்க, பேஷண்ட் நான் இல்லைங்க!"

"அப்படித்தான் சொல்லுவீகன்னு உங்க அண்ணன் சொல்லியிருக்காக."

"அந்த அண்ணனே நான்தாங்க!"

"சரிங்க, சரிங்க. படுங்க."

(குதித்திருக்கலாமே என்பீர்கள். அந்த அங்கிக்குப் பின்பக்கம் முழுக்கத் திறப்பு. வராந்தா முழுக்க ஜனம்.)

தியேட்டரில் மயக்க டாக்டரம்மா பெயர் கேட்டார். என் பெயரைச் சொன்னேன்.

"அண்ணன் மேல அம்புட்டுப் பாசம்மா. அவரு பேரையே சொல்றாரு பாருங்க," என்று ஊழியர் கண் கலங்கினார்.

கதவு திறந்தது. பின்னாலேயே நடந்து வந்த செல்வம், தன் பழைய கட்டம்போட்ட சட்டையோடு நின்றான்.

"அண்ணனுக்கு இல்ல. எனக்குத்தான் ஆபரேஷன். எறங்குண்ணே."

தப்பான தாளை எடுத்துப்போடுகிற அதே குரல்.

டாக்டரம்மா அவனிடமே கேட்டார். "எப்படிச் செய்யலாம் செல்வம்? நீங்களே சொல்லுங்க."

எங்களில் ஒருவரும் அதுவரை அவனிடம் கேட்காத கேள்வி.

"சட்டை இருக்கட்டும். நானே ஏறிக்கிறேன். ஒருத்தர் மட்டும் பேசணும்."

"சட்டைய நெஞ்சு வரைக்கும் சுருட்டிக்குவோம். சரியா?"

யோசித்துத் தலையாட்டினான். அவர் விளக்கைக் குறைக்கச் சொல்லி, மாஸ்க்கை அவன் கையிலேயே கொடுத்தார். கண் விழித்ததும் செல்வம் கேட்டது எண்ணெய் பரோட்டா, கிடைத்தது கஞ்சி.

இன்றும் வீட்டு விசேஷத்துக்கு நான் திட்டம்போட வாயைத் திறந்தால், "ஸ்ட்ரெச்சர் வந்துருச்சு, ஏறிப் படுங்க" என்பாள் மனைவி. செல்வம் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான்.

"வேட்டியக் கட்டிட்டு ஏறுண்ணே."