கேட்டில் நான் நிறுத்திவைத்த மச்சான்

கல்யாணத்துக்கு முன்பே மச்சானைப் பகைத்துக்கொள்ள ஆளுக்கொரு வழி கிடைக்கும். எனக்கு ஒரு நெட்வொர்க் கார்டு போதுமானதாக இருந்தது.

எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு. கேட்டில் இருக்கும் கேமரா, லாரி நம்பரைப் படமெடுத்து ஆபீசுக்கு அனுப்பினால்தான் கேட் திறக்கும். அனுப்புகிற நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருள் என் பொறுப்பு. (யூடியூப் பார்த்துப் படித்தவன், தைரியத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.) ஒரு படத்துக்கு மூன்று நொடி தாமதம் என்று புகார். எங்கே தாமதமாகிறது என்று பார்க்க, படத்தின் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் 'இங்கே வந்துவிட்டேன்' என்று ஒரு வரி எழுதும்படி செய்தேன். தாமதம் பத்து நொடியானது. சரி, நோய் முற்றுகிறது என்று இன்னும் நிறைய வரிகளைச் சேர்த்தேன். மதியத்துக்குமேல் லாரிக்கு இரண்டு நிமிடம். வரிசை மெயின் ரோட்டைத் தொட்டுவிட்டது.

அன்று மாலை ஆறு மணிக்குக் காத்திவாக்கத்தில் எனக்கும் மலருக்கும் நிச்சயதார்த்தம். மலருக்கு அப்பா இல்லை. தட்டு மாற்ற வேண்டியவர் அண்ணன் சேகர். லாரி ஓட்டுகிறவர். நாலரை மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தால், வரிசையில் இருபதாவது வண்டியில் அவரேதான்!

ஓடினேன்.

"இன்னா மாப்ள, ராகு காலம் முடிஞ்சாதான் உங்க கேட்டு தொறக்குமா?"

"பாத்துகினே கீறேன் மச்சான்..."

அதற்குள் அவர் போன் அடித்தது. "ஓனரே! காலைலேர்ந்து எங்க கீற, எங்க கீறன்னு நாப்பது தபா கேட்டுட்ட. ஒவ்வொரு தபாவும் வண்டிய ஓரங்கட்டி பதில் சொல்றேன். அப்பால லேட்டுன்னு கத்துனா நான் இன்னா பண்ண?"

எனக்குச் சுரீர் என்றது. என் படங்களுக்கு அந்த ஓனர் நான்தான். ஒவ்வொரு வரியையும் மெதுவான பழைய கேபிள் வழியாக என் கம்ப்யூட்டருக்கு எழுதி முடிக்கும்வரை படம் ஓரங்கட்டி நின்றிருக்கிறது! ஓடிப்போய் அத்தனை வரிகளையும் அழித்தேன். பழையபடி மூன்று நொடி. (அந்த மூன்று நொடி, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தூங்கும் கார்டு விழித்தெழுகிற நேரம். கண்டுபிடித்தது வேறொருவர்.)

தேங்கிய லாரிகள் உள்ளே ஒவ்வொன்றாகச் சரக்கு இறக்கி முடிய, ஏழரை மணிக்குத்தான் காக்கிச் சட்டை, கிரீஸ் கையோடு சேகர் வந்து சேர்ந்தார்.

"தங்கச்சி நிச்சயத்துக்கு வர்ற நேரமாடா இது?" என்று அவர் சித்தி சபையில் பிடித்துக்கொண்டார்.

சேகர் என்னை ஒருமுறை பார்த்தார். "டயர் பஞ்சர் சித்தி" என்றார்.

எல்லோர் முன்னாலும் திட்டு அவருக்கு, தட்டு எனக்கு. கல்யாணமாகி மூன்றாம் நாள்தான் கேட்டில் நடந்ததை மலரிடம் ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து நான் லேட்டாக வந்தால் வாசலிலேயே கேள்வி: "இன்னா, பஞ்சரா?" பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். வீடே சிரிக்கும். மச்சான் மட்டும் சோற்றிலிருந்து தலை தூக்காமல் இன்றைக்கும் சாதிப்பார்: "அன்னிக்கு நெஜமாவே டயர்தாம்மா."