ஞாயிற்றுக்கிழமை மின்சாரம்

கரும்பலகையில் நகத்தால் கீறினால் ஒரு சத்தம் வருமே, அதற்கு அண்ணன். பசித்த குழந்தையின் அழுகைக்குத் தம்பி. எங்கள் ஜீப் முதன்முதலாகக் கீச்சிட்ட அந்தச் சத்தம் எத்தனையோ வருஷம் கழித்தும் என் காதில் இருக்கிறது. தெருவே காதைப் பொத்திக்கொண்டது. எனக்கு மட்டும் அது சங்கீதம். இசையமைத்தவன் நானல்லவா!

ஜீப்பில் ஆல்டர்னேட்டர் என்று ஒன்று உண்டு. என்ஜின் ஓட, ஒரு பெல்ட் அதைச் சுற்ற, அது மின்சாரம் தரும். என்னுடையதும் தந்தது, கஞ்சன் தருமம் செய்வதுபோல. நாங்கள் சில நண்பர்கள் ஞாயிறுதோறும் காட்டாற்றில் ஜீப்பை இறக்கிச் சேற்றில் புரள்வோம். மாட்டிக்கொண்டால் வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொள்ள முன்னால் வின்ச் உண்டு. நான் வின்ச்சைப் போட்டால் விளக்கு கண்ணை மூடும். விளக்கைப் போட்டால் வின்ச் தூங்கும். ஒவ்வொரு முறையும் மற்றவர்கள்தான் கயிறு கட்டி என்னை இழுத்தார்கள். சேற்றில் அசையாமல் கிடப்பவனுக்கு 'எருமை' என்று பெயரும் வைத்தார்கள். என் சகலைக்கு அந்தப் பெயர்கூடக் கிடைக்கவில்லை. அவர் ஜீப்பின் ஆல்டர்னேட்டர் அடியோடு செத்து, வண்டி வீட்டிலேயே கிடந்தது.

அடுத்து மலைப் பயணம் வந்தது. பெரிய ஆல்டர்னேட்டர் போட்டு, கயிறு இல்லாமல் உச்சிக்குப் போய், எருமைப் பட்டத்தை அங்கேயே புதைத்துவிட்டு வருவதென்று சபதம் செய்தேன்.

சபதத்துக்கு நடுவே என் மனைவி நின்றாள். முன்னறையில் தையற்கடை நடத்துகிறவள். கிழிந்ததைத் தைப்பாளே தவிர மாற்றமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை மாற்றாததற்கும் அதுதான் காரணமாக இருக்கவேண்டும். ஓடுகிற பொருளை மாற்ற அவளிடம் அனுமதி கிடைக்காது. சரி, ஓடாமல் போகட்டும். ஸ்பானரை எடுத்தேன். பெல்ட்டைத் தளர்த்தினேன். கீச்!

"என்னங்க, வண்டி ஏன் இப்படி அழுவுது?"

"ஆல்டர்னேட்டர்மா. கடைசி மூச்சு."

"அய்யய்யோ. மாத்தணுமா?"

"மாத்தாட்டி நடுரோட்டுல நிக்கும். நீதான் இறங்கித் தள்ளணும்."

"மாத்துறதுதான் மாத்துறீங்க, பெருசாவே போட்டுடுங்களேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "பெருசாவா?"

"வளர்ற பிள்ளைக்கு ரெண்டு விரல் விட்டுத்தானே தைக்கிறோம்?"

பழம் நழுவிப் பாலில் விழும் என்பார்கள். இங்கே பால் எழுந்து நடந்து வந்து பழத்தின்மேல் ஊற்றிக்கொண்டது. சந்தேகப்பட்டிருக்க வேண்டாமோ? சந்தோஷப்பட்டேன்.

மெக்கானிக்கை ஊரில் கிரீஸ் என்பார்கள். அவர் தொட்ட டீ டம்ளரிலும் மசகு மணக்கும். புது ஆல்டர்னேட்டரைப் பூட்டினார். தடித்த ஒயர் இழுத்தார். அதோடு நிற்காமல் பின்பக்கம் ஒரு நீளக் கேபிளையும் சுருட்டி வைத்தார்.

"இது எதுக்குப்பா?"

"இருக்கட்டும் சார். உதவும்."

"பழசு எங்க?"

"அக்கா எடுத்துட்டுப் போயிட்டாங்க."

பழைய இரும்புக்காரனுக்குத்தான் என்று நினைத்தேன்.

மலைக்குக் கிளம்பும் ஞாயிறு விடிந்தது. மின்கம்பி மாற்றுகிறார்கள் என்று தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. நமக்கென்ன? பூட்ஸ் போட்டேன். தூசிக் கண்ணாடி மாட்டினேன்.

"என்னங்க, போறதுக்கு முன்னாடி வண்டியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நிறுத்துங்க."

நிறுத்தினேன். ஜன்னலிலிருந்து, கூடத் தைக்க வந்திருந்த என் மைத்துனியின், அதாவது சகலையின் மனைவியின், கை நீண்டது. கேபிள் உள்ளே போனது. இன்வெர்ட்டர் ஒன்று 'பீப்' என்றது. அடுத்த நொடி, டர்ர்ர்ர்! தையல் மெஷின்கள் ஓடின.

"என்னம்மா இது?"

"கரண்ட்டுங்க. ஆஸ்பத்திரி நர்ஸுங்க யூனிபார்ம் அத்தனையும் நாளைக்குக் குடுத்தாகணும். ஞாயித்துக்கிழமையானா கரண்ட்டைப் புடுங்கிடுறான். இதை விட்டா அந்த ஆர்டரே போயிடும். கொஞ்சம் ஆக்ஸிலரேட்டரை மிதிங்க, இஸ்திரி சூடாகல."

"ஒரு செங்கல்லை வச்சுட்டுப் போறேனே?"

"செங்கல்லுக்குக் காது இருக்கா? இஸ்திரி போடறப்ப அழுத்தணும், பட்டன் கட்டறப்ப விடணும். ஆள் வேணுங்க."

நண்பர்கள் வந்து ஹாரன் அடித்தார்கள். வரிசையில் சகலையின் ஜீப்பும் சொந்தக் காலில் ஓடிவந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். மலையேறும் பூட்ஸோடு நான் மிதிக்க, வண்டி ஓர் அங்குலமும் நகராததைப் பார்த்து அவர்கள் அதைவிட ஆச்சரியப்பட்டார்கள்.

"சேறே இல்லாம மாட்டிக்கிட்டான்யா எருமை!"

போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் மிதித்தேன். பிறகு ஒன்று கவனித்தேன். நான் அழுத்தினால் மெஷின் விரைகிறது. அதோடு சேர்ந்து அவள் முணுமுணுக்கும் பாட்டும் விரைகிறது. விட்டால் இழைகிறது. வேண்டுமென்றே ஒரு முறை சட்டென்று விட்டேன். பாட்டு நடுவிலே நின்றது. "என்னங்க!" என்று அதட்டல். அழுத்தினேன். சிரிப்பும் பாட்டும் சேர்ந்து வந்தன. வீட்டுக்குள் இத்தனை நாள் இந்தப் பாட்டு இருந்தது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் கடைசிச் சட்டைக்கும் பட்டன் ஏறியது. நல்ல பேர் வாங்கும் நேரம் என்று நினைத்தேன்.

"பார்த்தியா, நல்லவேளை அந்தப் பழசு போச்சு."

அவள் மெஷின் டிராயரைத் திறந்து என் ஸ்பானரை எடுத்து நீட்டினாள்.

"பெல்ட்டைத் தளர்த்துன அன்னைக்கு என்ஜின் மேலயே விட்டுட்டீங்க. உள்ள விழுந்து தொலைஞ்சா யார் எடுக்கிறது?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"பெரிய ஆல்டர்னேட்டர் போடணும்னு உங்களை எப்படிச் சம்மதிக்க வைக்கிறதுன்னு கிரீஸ் தம்பிகிட்ட யோசனை கேட்டுட்டிருந்தேன். நீங்களே கீச்சுன்னு ஆரம்பிச்சிட்டீங்க."

"அப்ப அந்தப் பழசு?"

"நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு? நல்லா ஓடுறதை யாராவது தூக்கிப் போடுவாங்களா?"

என் பழைய ஆல்டர்னேட்டரைப் பூட்டிக்கொண்டு என் சகலை அன்றைக்கே, யாருடைய கயிறும் இல்லாமல், மலை உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.