மரத்தடி வரைக்கும் கார் போகும்

விருந்தோம்பல் அறங்களுள் தலையாயது. வந்தவர்க்குச் சோறிடுவது அதன் முற்பாதி. ஊரைக் காட்டுவது பிற்பாதி. முற்பாதியை இல்லாள் முடித்துவிடுவாள். பிற்பாதியைத் தலைமேற்கொண்டு திரியும் இனத்துக்கு ‘ஊர்காட்டி’ என்று பெயர். ஆக்லாந்தில் தமிழ் வீடுதோறும் ஒருவர் உண்டு, நேயரே. ஊர்காட்டிக்கு வேண்டிய தகுதி யாது? ஊரைத் தாம் பார்த்திருக்கலாகாது.

லின்ஃபீல்ட் பகுதிச் சோதிலிங்கம் இவ்வினத்தின் திலகம். அவர் அறிந்த திசைகள் மூன்றே: வேலை செய்யும் ஈஸ்ட் டாமாக்கி, மரக்கறி மலிவாகக் கிடைக்கும் கடை, முருகன் கோயில். ஏனையவற்றை நெடுஞ்சாலையில் விரையும்போதே சுட்டுவிரலால் தரிசித்து, “அந்தா, அதுதான் பாலம்… சரி, போயிட்டுது” என்று விருந்தினர்க்கும் அருளுவார். இறங்கிப் பார்த்தால் என்ன? மலை எங்கே ஓடிவிடப் போகிறது. அடுத்த கிழமை பார்க்கலாம். அந்த அடுத்த கிழமைக்கு இப்போது வாக்களிக்கும் வயது வந்துவிட்டது.

இந்நிலையில் மனைவி சரோஜாதேவியின் தம்பி இராசநாயகம் கனடாவிலிருந்து வந்தார். வந்தவர் உண்ணும்போதும் நயாகரா, உறங்கப் போகும்போதும் நயாகரா என்று கதைத்தால் யாருக்குப் பொறுக்கும்? ஊர் மானமும் தம் மானமும் ஒரே தட்டில் ஏற, சோதிலிங்கம் ‘வன் ட்ரீ ஹில்’ என்னும் ஒற்றைமரக் குன்றைத் தூக்கி மறுதட்டில் வைத்தார்.

“உச்சியிலை ஒரே ஒரு மரம், மச்சான். மரத்தடி வரைக்கும் கார் போகும். நிழலிலை இருந்து சாப்பிடலாம். எத்தினை பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறன்!”

சனிக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்த வேட்டியோடு அவரும், புட்டோடு சரோஜாதேவியும், விருந்தினரும், மகள் லோஜனாவும் புறப்பட்டனர். பாதி மேட்டில் தடுப்புக் கம்பம் ஒன்று குறுக்கே கிடந்தது.

“இண்டைக்கு மட்டும் பூட்டிப்போட்டாங்கள் போலை.”

“இட்ஸ் பீன் க்ளோஸ்ட் ஃபார் இயர்ஸ், அப்பா,” என்றாள் லோஜனா, கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமலே.

கார் அங்கேயே ஓரமாக நிறுத்தப்பட்டது. பிறகு புட்டுப் பெட்டி தலையேற, வேட்டி காற்றில் பாய்மரமாக, செம்மறிகள் மேய்ச்சலை விட்டு நிமிர்ந்து பார்க்க, அடிக்கொரு திருநாமம் சொல்லிச் சோதிலிங்கம் குன்றேறினார்.

உச்சியில் வானளாவ ஒரு கற்றூண் நின்றது. வேலிக்குள் இளங்கன்றுகள் சில நின்றன. மரம்? அவர் இந்நாட்டில் கால் வைக்குமுன்பே அது வீழ்ந்துவிட்டது.

“மரம் எங்கை, அத்தான்?”

சோதிலிங்கம் கிழக்கே பார்த்தார், மேற்கே பார்த்தார், கடைசியில் தூணைப் பார்த்தார்.

“மரம் என்னத்துக்கு, மச்சான்? நிழலுக்குத்தானே. தூணுக்கும் நிழல் இருக்கு.”

இருந்தது, ஓராள் அகலத்துக்கு. நால்வரும் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவராக, பேருந்துக்கு நிற்கும் வரிசைபோல் அமர்ந்து உண்டனர். நிழல் நகர நகரப் புட்டும் நகர்ந்தது. சரோஜாதேவி இருபுறக் கடலையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, இவ்வளவு காலமும் இதை எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?”

ஊர்காட்டியின் தலை தாழ்ந்தது. அப்போது பின்னிருந்த இராசநாயகம் அவர் காதருகே குனிந்தார்.

“அத்தான், அக்காவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. நயாகராவுக்கு நானும் இன்னும் போகேல்லை.”

தாழ்ந்த தலை நிமிர்ந்தது. மறுநாளே கோயிலில் சோதிலிங்கம் அன்பர்களிடம், நடந்து ஏறாதவனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும் என்று வினவிக்கொண்டிருந்தார்.

நகைக்கிறீரோ, நேயரே? நும் ஊரில், விருந்தினர் வரட்டும் என்று நீர் காக்கவைத்திருக்கும் குன்று எது? விரலை நீட்டாதீர், அதுவே ஊர்காட்டியின் அடையாளம்.

சோதிலிங்கத்தின் இல்லம் தழைக்க! அவ்வடுக்களையில் புட்டு குறையாதிருக்க! விருந்தினர் ஓயாது வருக. வருவோருள் ஒருவர்க்கேனும் வழி தெரிந்திருக்க!