காலுறை போட்ட ஒயின்

மூக்கர்கள் என்று ஓர் இனம் உண்டு. அவர்களில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை என்று நீங்கள் சொன்னால், நாலு நண்பர்கள் ஒயின் பாட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மேஜைக்கு உங்களை இன்னும் யாரும் அழைக்கவில்லை என்று பொருள்.

அடையாளம் சொல்கிறேன். எல்லோரும் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும்போது அவர் மட்டும் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். பிறகு மேஜைவிரிப்பின் வெள்ளைக்கு மேல் சாய்த்து நிறம் பார்ப்பார். பிறகு காம்பைப் பிடித்து மூன்று சுற்று சுற்றி, கண்ணை மூடி, மூக்கை உள்ளே விட்டு, முதலில் வலது துவாரம், அப்புறம் இடது துவாரம் என்று முறைவைத்து முகர்ந்து, ஒரு வாய் எடுத்து, அதை விழுங்காமல் கன்னத்துக்குக் கன்னம் அனுப்பி, கொப்பளிக்கிற சத்தம் கேட்டுப் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் விழுங்குவார். அதுவரைக்கும் மற்றவர்கள்? மேஜைக்கும் உதட்டுக்கும் நடுவில் கோப்பையை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மீன் ஆறிப்போகும்.

எங்கள் மூக்கர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பகல் முழுவதும் அடுத்தவர் மூக்கில் சட்டம் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பார். சாயங்காலம் ஆனால் தன் மூக்கை வேலைக்கு அனுப்புவார். நல்ல மனிதர், ஆபத்துக்கு உதவுவார், கண் பரிசோதனைக்குக் காசு வாங்க மாட்டார். ஆனால் அவரிடம் அபிப்பிராயம் கேட்காமல் அவர் எதிரில் எதையாவது விழுங்கிவிட்டால் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை நாங்கள் நாலு பேர் ஒரு சின்ன உணவகத்தில் கூடுவோம். மூக்கர், பல் டாக்டர், கணக்கு டீச்சர், அச்சகத்தில் பிழை திருத்தும் நான். திங்கட்கிழமை கூட்டம் இருக்காது என்பதால் அந்த உணவகத்து அம்மா எங்கள் பாட்டில்களை நாங்களே கொண்டுவர விட்டுவிட்டார். சாப்பாடு அவருடையது, ஒயின் எங்களுடையது. ஆளுக்கு ஒரு பாட்டில்.

சும்மா குடித்தால் என்ன சுவாரசியம்? எந்தப் பாட்டில் யாருடையது, என்ன விலை, என்ன பெயர் என்று தெரியாமல் குடித்து, மனசாட்சிப்படி பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும் என்று மூக்கர்தான் சட்டம் கொண்டுவந்தார். பாட்டிலை மறைக்க உறை வேண்டுமே! அதற்கு அவரவர் வீட்டிலிருந்து துவைத்த காலுறை ஒன்று. உணவகத்து அம்மா காலுறை போட்ட பாட்டில்களைச் சமையலறைக்குள் கொண்டுபோய், இடம் மாற்றிக் கலைத்து, கழுத்தில் நம்பர் கட்டிக் கொண்டுவந்து வைப்பார். நோட்டில் மதிப்பெண் எழுதுவது என் பொறுப்பு. கடைசியில் காலுறையைக் கழற்றிப் பெயரைப் பார்ப்போம். இவ்வளவு நேர்மையான பரீட்சை எந்தப் பள்ளிக்கூடத்திலும் நடக்காது என்று டீச்சரே சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு சின்ன விஷயம். இரண்டு வருஷமாக நாங்கள் யாரும் காலுறையை மாற்றவில்லை. டாக்டருடையது தும்பைப்பூ வெள்ளை. டீச்சருடையது பச்சையும் மஞ்சளும் வரிவரியாக இருக்கும். என்னுடையதில் பெருவிரல் பக்கம் ஓர் ஓட்டை. மூக்கருடையது ஊதா நிறத்தில் பட்டு மாதிரி மினுமினுக்கும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதை யாரும் காட்டிக்கொள்வதில்லை. ஊதாக் காலுறை மேஜைக்கு வந்ததும் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார், டீச்சர் கண்ணை மூடுவார். நானும் பேனாவைத் திறக்கும்போதே ஒன்பது என்று எழுதத் தொடங்கிவிடுவேன். எனக்கு எப்போதும் ஆறு. ஓட்டைக்கு நாலு மதிப்பெண் போய்விடும்.

இப்போது மூக்கரின் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் லிஃப்ட் மெக்கானிக் ஒருவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளையின் தொழிலைப் பற்றி மூக்கருக்கு ஒரு குறையும் இல்லை. பையன் தங்கமானவன் என்று அவரே ஒருமுறை வாய் தவறிச் சொல்லியிருக்கிறார். குறை வேறு. ஊறுகாய் முதல் உலக அரசியல் வரை எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்கிற மனிதரிடம், வீட்டின் பெரிய விஷயத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் போனார், சாப்பிட்டார், பரிசும் கொடுத்தார். ஆனால் அன்றிலிருந்து தங்கையின் கணவரை ஒருமுறைகூட ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிடவில்லை. போன் செய்தால் “அவர் இருக்காரா?” என்பார். நேரில் பார்த்தால் அதுவும் இல்லை, தொண்டையைச் செருமுவார். பாவம் அந்த மனிதரும் ‘மச்சான்’ என்று கூப்பிடத் துணிவில்லாமல் ‘சார்’ என்றே ஓட்டிக்கொண்டிருந்தார்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள் தங்கை எனக்குப் போன் செய்தாள். அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. அடுத்த கூட்டத்துக்குத் தங்கள் இருவரையும் அழைக்க முடியுமா என்று கேட்டாள். அண்ணன் வாய் திறக்கிற ஒரே இடம் அந்த மேஜைதான் என்பது அவளுக்குத் தெரியும்.

“ஒரே ஒரு தடவை அவரை மாப்பிள்ளைன்னு கூப்பிட்டாப் போதும்ணா. நாளைக்குக் குழந்தை மாமாகிட்டப் போய், எங்கப்பா உங்களுக்கு என்ன வேணும்னு கேக்கும். அவரு தொண்டையைச் செருமினா நான் என்ன செய்யறது?”

வரச் சொன்னேன். ஒரு பாட்டில், ஒரு காலுறை என்று சட்டத்தையும் சொல்லிவைத்தேன்.

கூட்டத்தன்று மாலை இருவரும் எல்லோருக்கும் முன்பே வந்துவிட்டார்கள். மெக்கானிக் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார், தலையைப் படிய வாரியிருந்தார், ஆனால் பாட்டிலுக்கு அவர் போட்டிருந்தது வேலைக்குப் போகும் தடித்த சாம்பல் நிறக் காலுறை. துவைத்ததுதான். குதிகால் பக்கம் இருந்த கிரீஸ் கறை எந்தச் சோப்புக்கும் போகாத ரகம். அவர் என் காதருகில் குனிந்து, சாருக்குப் பிடித்ததாகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறேன் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். சார் வழக்கமாகப் போகும் கடைக்கே போய், அவர் எதை விரும்பி எடுப்பார் என்று விசாரித்து வாங்கினாராம். அந்த அக்கறையைப் பார்த்து எனக்கு மனசு இளகிவிட்டது.

ஐந்து பாட்டில்கள் மேஜைக்கு வந்தன. தங்கை தண்ணீர்க் கோப்பையோடு அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் கணவர், அவருக்கு அடுத்து நான். முதல் நம்பர் டாக்டருடையது, ஏழு வாங்கியது. இரண்டாம் நம்பர், ஊதா.

மூக்கர் முகர்ந்தார். மேஜை மூச்சை அடக்கிக்கொண்டது. மழை பெய்து ஓய்ந்த கருங்கல் தரை தெரிகிறது என்றார். பழைய நூலகம் தெரிகிறது, அதிலும் ஜன்னல் ஓரத்து அலமாரி என்றார். இது பேசாது, பக்கத்தில் வந்து உட்காரும், அவ்வளவு மரியாதை தெரிந்த ஒயின் என்றார். தனக்குக் கருங்கல் முன்பே தெரிந்துவிட்டது என்றார் டாக்டர். டீச்சருக்கு அலமாரியில் புத்தகமே தெரிந்தது. நான் ஒன்பதரை எழுதினேன்.

மூன்றாவது என்னுடையது. ஆறு. அதை விடுங்கள்.

நான்காம் நம்பர், சாம்பல். மூக்கரின் கண் குதிகால் கறையில் ஒரு நொடி நின்றதை நான் பார்த்தேன். ஒரே ஒரு முறைதான் சுற்றினார். இடது துவாரத்துக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை.

“இது வாசல்லயே நிக்குது. உள்ள வர்ற பழக்கம் இல்லை. கொஞ்சம் எண்ணெய் வாடை. லிஃப்ட் நடுவுல நின்னுபோன மாதிரி தொண்டையில அப்படியே நிக்குது.”

டாக்டர் சிரித்தார். டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு, ஆமாம், எண்ணெய்தான் என்று தலையை ஆட்டினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் எண்ணெய் அடித்தது. மூன்று என்று எழுதினேன். மெக்கானிக் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். தங்கை தண்ணீரைக் குடித்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஐந்தாவதாக வந்த டீச்சரின் பாட்டில் என்ன வாங்கியது என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை.

சாப்பாடு முடிந்து காலுறை கழற்றும் நேரம் வந்தது. உணவகத்து அம்மா ஒன்றையும் இரண்டையும் கழற்றிவிட்டு, அடுப்பில் ஏதோ தீயும் வாசனை வர உள்ளே ஓடினார். ஊதாவுக்குள்ளிருந்து வந்த பாட்டிலில், ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குப் படம். மூக்கர் அந்தக் கொக்கைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றிவிட்டு உட்கார்ந்தார். டாக்டரும் டீச்சரும் பாலாடைக்கட்டித் தட்டுப் பக்கம் திரும்பி, கடைசித் துண்டு யாருக்கு என்ற பேச்சில் இறங்கிவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு உதவலாம் என்று மெக்கானிக் தன் சாம்பல் காலுறையைத் தானே கீழே இறக்கினார்.

முதலில் கொக்கின் தலை வந்தது. பிறகு கழுத்து. பிறகு ஒற்றைக் கால்.

கடைக்காரர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். மூக்கர் விரும்பி எடுக்கும் ஒயின் அதுதான். அன்று காலையிலும் அதைத்தான் எடுத்திருக்கிறார். அதே பெயர், அதே வருஷம். பாலாடைக்கட்டிக்காரர்கள் இருவரைத் தவிர நாங்கள் நாலு பேரும் பார்த்துவிட்டோம். இரண்டு கொக்குகளும் மேஜையில் எதிரும் புதிருமாக நின்றன. தன் நாக்கு ஒன்பதரை என்றும் மூன்று என்றும் சொன்னது ஒரே ஒயினைத்தான் என்பது மூக்கருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் ரத்தம் இல்லை. இரண்டு வருஷமாக அவர் முகர்ந்தது காலுறையைத்தான். அவரை மட்டும் சொல்வானேன்? நாங்கள் முகர்ந்ததும் அதைத்தான்.

மெக்கானிக் நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே கணக்கைத் தீர்த்திருக்கலாம். இரண்டு வருஷத்து ‘அவர்’ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும். அவர் சிரிக்கவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர் தன் காலுறையை இழுத்துவிடுவதுபோல, அதை மெதுவாக மேலே இழுத்துக் கொக்கை மூடினார்.

“இதைப் போய் எதுக்கு சார் பார்த்துக்கிட்டு. கடையில கைக்குக் கிடைச்சதை எடுத்துட்டு வந்தேன்.”

தங்கை “அண்ணா” என்று மட்டும் சொன்னாள்.

மூக்கர் நான்காம் நம்பர் கோப்பையில் மிச்சம் இருந்ததைக் கையில் எடுத்தார். விளக்குக்கு நேரே பிடித்தார். மூன்று சுற்று. வலது துவாரம். இடது துவாரம். கொப்பளிக்கும் சத்தம் கேட்டு டாக்டரும் டீச்சரும் தட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள்.

“மூச்சு விட்டிருக்கு,” என்றார் மூக்கர். “சில ஒயின் அப்படித்தான். முதல்ல கூச்சப்பட்டு மூடிக்கிட்டு இருக்கும். காத்துப் பட்டு அரை மணி நேரம் ஆனாத்தான் திறக்கும். நான்தான் அவசரப்பட்டுட்டேன்.” தொண்டையைச் செருமினார். ஐயோ, மறுபடியும் செருமலோடு நின்றுவிடுமோ என்று நான் பயந்தேன். நிற்கவில்லை. “மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”

“ஊத்துறேன் மச்சான்,” என்றார் மெக்கானிக். கோப்பை நிரம்பியதைக் கவனிக்காமல் ஊற்றியதில் விரிப்பில் நாலு சொட்டு சிந்தியது. தங்கை கீழே விழாத கைக்குட்டையைத் தேடி மேஜைக்கு அடியில் குனிந்தாள். ஏழு மாத வயிற்றோடு அவ்வளவு நேரம் குனிந்திருக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தாள். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் எந்த ஒயினிலும் வந்ததில்லை.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அந்தக் கலையில் மூக்கர் மகா நிபுணர். ஆனால் அன்றைக்கு அவர் மீசைக்காக மட்டும் எழுந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். மற்றவர்கள்? முதல் வாயிலேயே இது திறக்கும் என்று தனக்குத் தோன்றியதாக டாக்டர் சொன்னார். மூக்கர் முந்திக்கொண்டதால் சும்மா இருந்துவிட்டதாக டீச்சர் சொன்னார். நான் நோட்டை எடுத்து மூன்றை அடித்து ஒன்பதரை என்று போட்டேன். பிழை திருத்துவது என் தொழில்.

அடுத்த மாதம் என்ன நடந்தது தெரியுமா? யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், ஐந்தாவது ஆளாகச் சேர்ந்துவிட்ட மெக்கானிக் உட்பட எல்லோருமே புதுக் காலுறை வாங்கிவந்திருந்தோம். ஐந்தும் கறுப்பு. அன்றைய கூட்டத்தைப் போல அமைதியான கூட்டம் நடந்ததே இல்லை. டாக்டர் மூக்கரைப் பார்த்தார், மூக்கர் டீச்சரைப் பார்த்தார், டீச்சர் கூரையைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அது என்னுடையதாகப் போய்விட்டால்? எல்லாப் பாட்டிலுக்கும் ஆறரை போட்டுவிட்டு, மீனை முதல்முறையாகச் சூட்டோடு சாப்பிட்டு, சீக்கிரமே வீட்டுக்குப் போனோம். அதற்கடுத்த மாதம் பழைய காலுறைகளே திரும்பிவந்தன. ஒரு மாற்றம், சாம்பல் காலுறைக்கு இப்போது ஒன்பதுக்குக் குறைவதில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஒயினையே தொடாதவன், எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்கள். அப்படியா? கூட்டத்தில் ஒருவர் யோசனை சொன்னால், அது நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கு முன்னால் சொன்னவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பவர் யார்? ஜோக்குக்குச் சிரிக்கும் முன் அதைச் சொன்னது மேலதிகாரியா கீழே வேலை செய்கிறவரா என்று பார்ப்பவர் யார்? குழம்பு பிரமாதம் என்று வாயைத் திறந்தவர், சமைத்தது அண்ணி என்று தெரிந்ததும் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று முடித்தாரே, அவர் யார்?

அதெல்லாம் போகட்டும். இதைப் படிக்க ஆரம்பிக்கும்போது, எழுதியது யார் என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டுதானே ஆரம்பித்தீர்கள்? பேர் தெரியாத ஆளாக இருந்ததும் மனசுக்குள் ஆறு போட்டீர்கள். பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான். இன்னும் அரை மணி நேரம் காற்றில் வைத்துவிட்டு மறுபடியும் படித்துப் பாருங்கள்.