தங்கச்சிக்கு ஆதரவு

ஊர்சனத்துக்கெல்லாம் உதவித்தொகை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதே உதவி தன் வீட்டு வாசலுக்கு வந்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளும் அண்ணன்மார் என்று ஒரு ரகம் உண்டு. நம் தேனிப் பக்கம் இந்த ரகம் செழிப்பாக விளையும். தண்ணீர்கூடப் பாய்ச்ச வேண்டாம். நாலு பேர் "அண்ணே" என்று கூப்பிட்டால் போதும், தழைத்துவிடும்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். திங்கட்கிழமை விடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்டிருப்பார். அன்றுதானே கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள்! சட்டைப்பையில் பேனா இருக்கும். யாராவது இரவல் கேட்டால் மறுக்காமல் கொடுப்பார், மூடியை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொள்வார். மனித குலத்தின் மீது அவர் வைத்திருக்கும் நம்பிக்கை அவ்வளவுதான்.

பழனிசெட்டிபட்டியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஒச்சாண்டி அண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டே, முதியோர் பென்ஷனுக்கு எந்த அறை, காப்பீட்டு அட்டைக்கு எந்த மேசை, அந்த மேசைக்காரர் சாப்பாட்டுக்கு முன்னால் எப்படி இருப்பார், பின்னால் எப்படி இருப்பார் என்பது வரை சொல்லிவிடுவார். வண்டி பஞ்சர் ஆகாதவர்கள்கூட அந்தக் கடையில் நிற்பது அதற்காகத்தான்.

"நல்லகண்ணு சித்தப்பா, பிள்ளைக இருக்கான்னு ஆபீசர் கேட்டா என்ன சொல்லுவீக?"

"மகன் ஒருத்தன் இருக்கான்..."

"அங்கன நிறுத்தப்படாது! 'மகன் இருக்கான், கவனிக்கிறதில்ல'ன்னு சேத்துச் சொல்லணும். நடுவுல மூச்சு விட்டீக, பென்ஷன் போச்சு."

"கூச்சமா இருக்குய்யா."

"என்ன கூச்சம்? இது பிச்சையில்ல சித்தப்பா, உரிமை!"

கடையில் நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். ஆட்டாமல் என்ன செய்வார்கள்?

அந்த உரிமை ஒருநாள் அவருடைய தங்கை உருவத்தில் வந்து கடைமுன் நின்றது. தங்கை ஜோதிலட்சுமிக்குப் புருசன் இறந்து இரண்டு வருஷமாகிறது. இரண்டு பிள்ளைகள். இலவம்பஞ்சுக் குடோனில் பஞ்சு பிரிக்கும் வேலை. பஞ்சு காற்றில் பறந்து மூக்கில் ஏறி, ராத்திரியெல்லாம் இருமல். இனிமேல் அந்தப் பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அண்ணே, பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கு ஒத்தாசைக்கு ஆள் எடுக்குறாகளாம். என்னைப்போல ஆளுகளுக்கு முன்னுரிமையாம். ஒரு சர்டிபிகேட் வாங்கணும்."

"வாங்கிருவோம்த்தா. என்ன சர்டிபிகேட்?"

"ஆதரவற்ற விதவைன்னு."

டியூப் கையிலிருந்து தண்ணீருக்குள் நழுவியது.

"குத்துக்கல்லாட்டம் அண்ணன் ஒருத்தன் உக்காந்திருக்கேன், என் தங்கச்சி ஆதரவத்தவளா? பாக்குறவன் என் மூஞ்சியில காறித் துப்ப மாட்டான்?"

"உரிமைன்னு நீங்கதானண்ணே..."

"அது ஊருக்கு!"

அவர் ஆதரவு தராதவரா? பிள்ளைகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோனாரே, மேளதாளத்தோடு, தாம்பாளத் தட்டுகள் தெருமுனை வரை நீள, முன்னால் ஆட்டுக்கிடா ஒன்று மாலையோடு நடக்க! அதைத் தெரு இன்னும் பேசுகிறது. அடுத்த மாதம் தங்கை வீட்டில் அரிசி இருந்ததா என்பது தெருவுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

"ஆதரவு குடுக்குற ஆளப் பாரு," என்றாள் அவர் மனைவி சுப்புத்தாய். "கேஸ் தீந்து நாளாச்சு. மொதல்ல நம்ம அடுப்புக்கு ஆதரவக் குடுங்க."

ஜோதிலட்சுமி அண்ணனிடம் சொல்லாமலே மனுப்போட்டாள். விசாரிக்க வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ. அம்மா வரப்போகிறார் என்ற சேதி அண்ணன் காதுக்கு எட்டியது. அவ்வளவுதான்! அதிகாரி வருகிற வீடு வெறிச்சென்று இருக்கலாமா? நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? வேறு வழியில்லாமல் இன்னும் குடோனுக்குப் போய்க்கொண்டிருந்த தங்கை திரும்பி வருவதற்குள் எதிர்வீட்டுச் சோபா அவள் வீட்டுக்குள் வந்தது. பக்கத்துவீட்டு டிவி வந்தது, இணைப்பு வரவில்லை. கறிக்குழம்பு கொதித்தது. வந்து பார்த்த ஜோதிலட்சுமிக்கு வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று சந்தேகம்.

திரும்பிப் பார்த்தால், வாசலில் ஆர்.ஐ. அம்மா.

"இந்தம்மாவுக்கு யார் துணை?"

தங்கை வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "நான் இருக்கேன் மேடம்! எங்க வீட்டுப் பொண்ணுக்கு என்ன கொறச்சல்? கேக்குறதுக்கு முன்னால கொண்டாந்து எறக்கிருவேன்."

ஜோதிலட்சுமிக்கு இருமல் வந்தது.

"என்னம்மா இருமல்?"

"ஏசி ஒத்துக்கிடல மேடம்," என்றார் அண்ணன்.

அந்த வீட்டில் காற்றாடியே ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் சுற்றும்.

மனு தள்ளுபடியாகி வந்தது. 'சகோதரர் முழு ஆதரவு அளித்து வருகிறார்' என்று காரணம் போட்டிருந்தது. ஒச்சாண்டி அண்ணன் அந்த வரியை இரண்டுதரம் படித்தார். முதல்தரம் படிக்கையில் மீசை தானாக மேலே போனது, சர்க்காரே ஒத்துக்கொண்டதே! இரண்டாம்தரம் படித்து நிமிர்ந்தபோது, தங்கை முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு குடோனுக்குக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தாள். இருமல் மட்டும் தெருமுனை வரை கேட்டது. மீசை இறங்கிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை வழக்கம்போலக் கலெக்டர் ஆபீசில் வருகிறவர்களுக்கு வரிசை காட்டிக்கொண்டிருந்தவர், வரிசையின் நடுவில் மறுமனுவோடு நின்ற ஜோதிலட்சுமியைப் பார்த்தார். பதறிப்போய் ஓடினார்.

"ஏத்தா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கூட்டியாந்திருப்பேன்ல? தள்ளு, நானும் நிக்கிறேன்."

"வேணாம்ண்ணே. நீங்க அங்கிட்டுப் போயி நில்லுங்க."

"ஏன்?"

"பக்கத்துல நின்னீகன்னா, ஆதரவு இருக்குன்னு மறுபடியும் எழுதிப்புடுவாக."

முன்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அதில் பாதிப்பேருக்கு வழி சொல்லி அனுப்பியவர் அண்ணன்தான். அவர் நடந்துபோய், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், வெயிலில், ஒரு ஜீப் மறைவில் நின்றுகொண்டார். தங்கை மேசைமுன் உட்கார்ந்து பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. பாழாய்ப்போன பாசத்தில் அண்ணனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்துவிடக் கூடாதே என்று வீரபாண்டி மாரியம்மனைக் கும்பிட்டார். தங்கைக்கு அவர் செய்த முதல் உபகாரம் அதுதான்.

மறுவிசாரணை நடந்தது, சர்டிபிகேட் வந்தது, வேலையும் வந்தது. இப்போது ஜோதிலட்சுமி சத்துணவுக் கூடத்தில் காய் நறுக்குகிறாள். இருமல் குறைந்திருக்கிறது. "யார் தயவும் இல்லாம வாங்குனா என் தங்கச்சி!" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் பெருமையடிக்கிறார். இந்த ரகத்துக்குப் பெருமை ஒரு பக்கம் அடைபட்டால் மறுபக்கம் பீறிட்டுவிடும்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் தம்பியோ தங்கையோ போன வாரம் போன் பண்ணி, கொஞ்சநேரம் எதையோ மென்று விழுங்கிவிட்டு, "ஒண்ணுமில்லண்ணே, சும்மாதான்" என்று வைத்தார்களே, ஞாபகமிருக்கிறதா? அந்தக் கொஞ்சநேரமும் பேசிக்கொண்டிருந்தது யார்?